அப்பாவுக்கு நாற்பதாம் நம்பர்

எங்கள் குடும்பத்தில் நெட்வொர்க் வேலை தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதை யாரும் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிடுகிற மாதிரி என்னைக் கூப்பிடுவார்கள். பிளம்பருக்காவது வந்தவுடன் ஒரு காபி கிடைக்கும்.

மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் இருந்த எங்கள் பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டினார்கள். கீழே வண்டி நிறுத்துகிற இடம். முதல் மாடியில் தம்பி, இரண்டாம் மாடியில் அண்ணா, மிச்சமெல்லாம் பில்டருக்கு. என்னைக் கையெழுத்துப் போட மட்டும் கூப்பிட்டார்கள். பதிவு ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அப்பா சொன்னார்: "நோக்குப் பண்ண வேண்டியதெல்லாம்தான் பண்ணியாச்சே." பண்ணினது கல்யாணம். சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். என் கணவர் வெளியே ஆட்டோவைப் பிடித்துவைத்துக்கொண்டு நின்றார். வேளச்சேரியில் எங்கள் வீடு வருகிற வரைக்கும் கட்டைவிரல் மைக்கறையைத் தேய்த்துக்கொண்டே வந்தேன்.

குடிவந்த கொஞ்ச நாளில் அண்ணாவிடமிருந்து போன் வந்தது. ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே நெட் கனெக்‌ஷன் வாங்கியிருந்தார்கள். செலவு மிச்சமாம். கீழே மீட்டர் அறையில் ஒரு ரௌட்டர், மாடிக்கு, கேபிளைப் பிரித்துக் கொடுக்கிற ஒரு மலிவு நெட்வொர்க் ஸ்விட்ச், எல்லாம் ஒரே கூட்டமாக. விளைவு, தம்பி மனைவி தன் போனிலிருந்து டிவிக்கு அனுப்பின சீரியல், மேலே அண்ணா வீட்டு டிவியில், அண்ணா செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓட ஆரம்பித்தது. பதிலுக்கு அண்ணா பெண்ணின் ஜாதகம் தம்பி வீட்டு பிரிண்டரில் வந்து விழுந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் போவதற்கு முன்னாலேயே தம்பி மனைவி அதைப் படித்து, செவ்வாய் எங்கே இருக்கிறது என்று அவள் அம்மா வரைக்கும் சொல்லிவிட்டாள். அண்ணாவின் மனைவி, எங்கள் மன்னி, ஒரு வாரம் மாடிப்படியில் யாரோடும் பேசவில்லை.

"நடுவுல ஒரு சுவர் வெச்சுடு. அவா சமாசாரம் நமக்கு வேண்டாம், நம்ம சமாசாரம் அவாளுக்கு வேண்டாம்," என்றான் அண்ணா. தம்பி சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறான். அவனைக் கேட்டால், "அக்கா, நான் கோடு எழுதறவன். கேபிளெல்லாம் உன் டிபார்ட்மென்ட்," என்று சிரித்தான்.

சுவர் வைப்பதுதான் என் தொழில். ஒரே கேபிளில் ஓடுகிற போக்குவரத்தை, ஒன்றின் கண்ணில் ஒன்று படாமல் பிரிக்கிறதற்கு வீலேன் என்று பெயர். ஒவ்வொரு வீலேனுக்கும் ஒரு நம்பர். என் ஆபீஸில் கழித்துப்போட்ட நல்ல ஸ்விட்ச்சுகளைச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்து, கீழே ஒன்று, மாடிக்கு ஒன்று என்று மாட்டினேன். தம்பிக்குப் பத்து, அண்ணாவுக்கு இருபது. டிஹெச்சிபி என்று ஒன்று உண்டு. அது பந்தியில் இலை போட்டு உட்காரவைக்கிற ஆள் மாதிரி. புதிதாக ஒரு போனோ டிவியோ வந்து நின்றால், இந்தா உன் இடம் என்று ஒரு முகவரி கொடுக்கும். அதைக் கீழே ரௌட்டரில் வைத்து, பத்தாம் நம்பர்க்காரர்களுக்கு ஒரு பந்தி, இருபதாம் நம்பர்க்காரர்களுக்கு ஒரு பந்தி என்று பிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏணி மேல் நின்றதில் இடுப்பு விட்டுப்போயிற்று. மன்னி கிளம்பும்போது ஒரு டப்பாவில் வத்தக்குழம்பு கொடுத்து, டப்பாவை மறக்காமல் திருப்பித் தரச் சொன்னாள்.

அம்மா போன பிறகு அப்பாவுக்கு முறை வந்தது. ஒரு மாதம் அண்ணா வீடு, ஒரு மாதம் தம்பி வீடு. மாதம் பிறந்தால் அப்பா தன் துணிப்பையோடும் பஞ்சபாத்திரத்தோடும் லிஃப்டில் ஏறுவார், அல்லது இறங்குவார். கூடவே ஒரு டேப்லெட்டும் போகும். போனில் பேசினால் அவருக்குக் காது கேட்பதில்லை. டேப்லெட்டில் முகத்தைப் பார்த்துப் பேசுவார், காலையில் கோயில் அபிஷேகம் பார்ப்பார். கழுத்தில் ஒரு பட்டன். அமுக்கினால் அவர் இருக்கிற வீட்டு ஹாலில் மணி அடிக்கும். அது நான் வாங்கிக் கொடுத்தது. அம்மா விழுந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை, அதனால்தான்.

அப்பாவின் டேப்லெட்டையும் பட்டனையும் எந்த வீலேனில் போடுவது? நான் நல்ல புத்தியோடு ஒன்று சொன்னேன். அப்பாவுக்கென்று தனியாக நாற்பதாம் நம்பர் போடுகிறேன், அது ரெண்டு மாடியிலும் இருக்கட்டும், பட்டனை அமுக்கினால் ரெண்டு வீட்டிலும் மணி அடிக்கட்டும் என்றேன். ரெண்டு வீடும் ஒற்றுமையாக ஒன்றைச் சொன்னது அன்றைக்குத்தான்.

"என் மாசம் இல்லாதப்போ எங்காத்துல எதுக்கு மணி அடிக்கணும்?" என்றாள் மன்னி.

"அதானே அக்கா. முறைன்னு ஒண்ணு வெச்சுட்டு அப்புறம் இது எதுக்கு?" என்றான் தம்பி.

அப்பா, பழைய வீட்டு ஊஞ்சல் பலகையைப் போட்டிருந்த பால்கனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் அவரைப் பார்த்தேன். "அவா சொல்றபடி பண்ணு," என்றார்.

பண்ணினேன். நாற்பதாம் நம்பர் எந்த மாடிக்குப் போகலாம் என்பதைக் கீழே இருக்கிற ஸ்விட்ச்சில் நான் திறந்து மூட வேண்டும். வேளச்சேரியிலிருந்தே செய்யலாம், ரெண்டு நிமிஷ வேலை. அப்பா வீடு மாறினதும் குடும்ப வாட்ஸாப் குரூப்பில், "அப்பா மாறியாச்சு" என்று ஒரு செய்தி வரும். நான் ஒரு மாடியை மூடி இன்னொரு மாடியைத் திறப்பேன். மூடின மாடியில் அந்தப் பட்டன் வைஃபையில் சேர்ந்துகொள்ளும், ஆனால் இலை போடுகிறவர் வரமாட்டார். முகவரி கிடைக்காமல் அது சும்மா தொங்கும். இதை ரெண்டு பேருக்கும் தெளிவாகச் சொன்னேன். சொல்லாமல் போனால் மணி அடிக்காது என்று, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னேன். தலையாட்டினார்கள்.

இதில் ஒரு கோளாறு இருந்தது. இந்தக் கோளாறு எங்கள் மனுஷர்களுக்கு மட்டும்தான் வரும். அண்ணாவுக்கு மாதம் என்றால் தமிழ் மாதம். சுவரில் தொங்குகிற காலண்டர், தர்ப்பணம், அமாவாசை எல்லாம் அவனுக்கு அதன்படிதான். தம்பிக்கு மாதம் என்றால் சம்பளம் வருகிற மாதம். அவனுக்கு ஒன்றாம் தேதிதான் மாதப் பிறப்பு. ஆரம்பத்தில் யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்து ஓட்டினார்கள். ரெண்டு பேர் மனதிலும் தான்தான் கூடுதல் நாள் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்ற கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்தது. மார்கழியில் வாடகைக்கு இருப்பவரைக்கூட யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டார்கள், புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். அப்பாவுக்கு அந்தச் சலுகை இல்லை. முதல் நாள் காலையில், கோயில் ஸ்பீக்கரில் பாட்டு முடிவதற்குள், அண்ணா அவரைப் பையோடு லிஃப்டில் இறக்கிவிட்டான். தம்பி கதவைத் திறந்து, "இன்னும் ஒண்ணாம் தேதி வரலையே," என்றானாம். உள்ளே விட்டான். ஆனால் குரூப்பில் போடவில்லை. "அப்பா மாறியாச்சு" என்று அவன் எழுதினால் தன் முறை தொடங்கிவிட்டதாக ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அண்ணாவும் போடவில்லை. அவன் அனுப்பியாயிற்று, ஏற்றுக்கொண்டவன் சொல்லட்டும் என்று இருந்துவிட்டான். நான் என்ன கண்டேன்? மேல் மாடியைத் திறந்து வைத்துக்கொண்டு வேளச்சேரியில் நிம்மதியாக இருந்தேன்.

டேப்லெட்டில் ஒன்றும் வரவில்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அவர் எப்படிச் சொல்வார், என்னோடு பேசுவதே அந்த டேப்லெட்டில்தான். அவர் என்னைக் கூப்பிடவில்லை என்று எனக்கும் உறைக்கவில்லை. அவர் கூப்பிடாமல் இருப்பது புதிதா என்ன?

அரையாண்டு லீவு விட்டதும் தம்பி குடும்பத்தோடு கூர்க் கிளம்பினான். அப்பாவை மேலே கொண்டுபோய் விடவில்லை, அது அண்ணா பாடு. அண்ணாவும் கூட்டிக்கொண்டு போகவில்லை. கூட்டிக்கொண்டு போனால் ஒரு முறை தன் தலையில் ஏறிவிடும். ஆக, அப்பா தம்பியின் காலி வீட்டில் தனியாக இருந்தார். சாப்பாடு மட்டும் மேலேயிருந்து வேலைக்காரம்மா கையில் கேரியரில் வந்தது. இதை மன்னி பிற்பாடு என்னிடம் ஏதோ பெரிய தர்மம் மாதிரி சொன்னாள்: "சாப்பாடு நாங்கதானே போட்டோம்? இருப்பு மட்டும்தானே அவாத்துல?"

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை அலம்பப் போன அப்பா பாத்ரூமில் விழுந்தார். பட்டனை அமுக்கியிருக்கிறார். அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். மேலே அண்ணா வீட்டு மணி சும்மா இருந்தது, தம்பி வீட்டு மணியும் சும்மா இருந்தது. மன்னியும் அண்ணாவும் சபா கேண்டீனில் டிபன் சாப்பிட்டுவிட்டுக் கச்சேரிக்குப் போயிருந்தார்கள், ஆக மணி அடித்திருந்தாலும் யார் காதில் விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் கேரியரை எடுக்க வந்த வேலைக்காரம்மாதான் பார்த்தாள். என் நம்பர் அவளிடம் இருந்தது.

"யக்கா, பெர்சு பாத்ரூம்ல வுழுந்து கெடக்குது. கண்ணு முழிச்சிக்கினுதான் கீது. பேச மாட்டேங்குது. வூட்ல ஒருத்தரும் இல்ல, சீக்கிரம் வா."

கிண்டியில் என் ஆபீஸிலிருந்து ஆட்டோவில் போனேன். அவர் ஈரத் தரையில் கிடந்தார். வேஷ்டி நனைந்திருந்தது, ஈரம் எல்லாம் தண்ணீர் இல்லை. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "அவன் எங்கே?" எவன் என்று நான் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து தூக்கும்போது வலியில் கத்தினார். அந்தப் பட்டனை விரல்களிலிருந்து பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

ராயப்பேட்டைப் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அண்ணாவும், பட்டுப்புடவை கலையாத மன்னியும் கச்சேரியிலிருந்து நேராக வந்தார்கள். தம்பி வீடியோ காலில் வந்தான். உள்ளே அப்பாவை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், வெளியே பெஞ்சில் இந்தப் பேச்சு நடக்கிறது.

"மார்கழி பொறந்தாச்சுடா. உன் முறை," என்றான் அண்ணா.

"ஒண்ணாம் தேதி பொறக்கலையேண்ணா. நான் என்னமோ போனாப் போறதுன்னு உள்ள விட்டேன்."

"போனாப் போறதா? பெத்த அப்பாவையா?"

"நீ மட்டும் பையோட லிஃப்ட்ல எறக்கி விடலாமா?"

நர்ஸ் வந்து சத்தம் போடாதீர்கள் என்றாள். ரெண்டு பேரும் வாயை மூடின இடைவெளியில் மன்னி என் பக்கம் திரும்பினாள். "அந்த ஸ்விட்ச்செல்லாம் நீதானே போட்டே? மணி ஏன் அடிக்கலை?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. "நாற்பதாம் நம்பரை நான்தான் போட்டேன் மன்னி. ரெண்டு வீட்டுலயும் அடிக்கட்டும்னு சொன்னவளும் நான்தான். எங்காத்துல எதுக்குன்னு கேட்டது யாருன்னு யோசிச்சுப் பாருங்கோ," என்றேன். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மருந்துச் சீட்டைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். தம்பியின் படம் அப்படியே உறைந்து நின்றது. சிக்னல் போயிற்றோ அவனே நிறுத்தினானோ.

ஆபரேஷன் ஆயிற்று. இனி ஒருத்தர் துணை இல்லாமல் எழுந்திருக்கக் கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்கு அனுப்புகிற நாள் நெருங்க நெருங்க அண்ணாவுக்குப் பெண் கல்யாணப் பேச்சு வந்தது, தம்பிக்கு அமெரிக்கா போகிற வேலை வந்தது. யார் வீட்டுக்கு என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. நான் என் கணவரோடு பேசினேன். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, முன்னறையைக் காலி பண்ணி ஒரு கட்டில் போட்டுவிடலாம் என்றார். நான் ஆபீஸில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். நிஜமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து அவர் என் வீட்டில் இருக்கப்போகிறார் என்று, வெட்கமில்லாமல், ஆசையாக இருந்தது. தலையணை உறை வாங்கினேன். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தேன்.

நர்சிங் ஹோமில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "அப்பா, நம்மாத்துக்கு வந்துடுங்கோ. நான் ஆத்துலதான் இருக்கப்போறேன்."

அவர் சட்டென்று கண்ணைத் திறந்தார். "எங்கே, வேளச்சேரிக்கா?"

"ஆமாம்."

"பொண்ணாத்துல போய் உக்காந்துண்டு சாப்பிடறதா? நாலு பேர் என்ன சொல்லுவா? ரெண்டு பிள்ளையைப் பெத்துட்டு நான் ஏன் அங்கே வரணும்?"

"அந்த ரெண்டு பேரும்தான் உங்களைப் பாத்ரூம்ல போட்டுட்டுப் போனா."

"அது எங்களுக்குள்ள. நீ இதுல வராதே." போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். பிறகு, ஏதோ நினைவுக்கு வந்த மாதிரி, "அந்த மணியை மட்டும் சரி பண்ணிக் குடுத்துட்டுப் போ," என்றார்.

பக்கத்துக் கட்டில் நோயாளியின் பெண் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டுவிட்டாளே என்றுதான் எனக்கு அப்போது அவமானமாக இருந்தது. மற்றதெல்லாம் பஸ்ஸில் வரும்போதுதான் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தேன், கண்டக்டர் சில்லறையை என் கையில் வைக்காமல் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

மணியைச் சரி பண்ணிக் கொடுத்தேன். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. நாற்பதாம் நம்பரை ரெண்டு மாடிக்கும் திறந்துவிட்டேன். எங்கே அமுக்கினாலும் ரெண்டு ஹாலிலும் அடிக்கும். கூடவே, யாரிடமும் சொல்லாமல், என் போனிலும் அடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். முறைக்கும் ஒன்றாம் தேதி என்று முடிவாயிற்று. அண்ணா அதில் தனக்கு ஏதோ நஷ்டம் என்று முனகினான்.

அப்பா தம்பி வீட்டுக்குத்தான் முதலில் போனார். காலையில் ஒரு ஆள் வந்து குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போவார். அதற்கப்புறம் அவர் தானாக எழுந்திருக்க முடியாது. நான் ஒரு தடவை பார்க்கப் போனபோது மேலே அண்ணா வீட்டு ஹாலில் மணிப்பெட்டியைப் பிளக்கிலிருந்து பிடுங்கி, டிவிக்குப் பின்னால் வயரைச் சுற்றி வைத்திருந்தார்கள். மன்னி, "மிக்ஸிக்கு பாயின்ட் வேணும்," என்றாள். மிக்ஸி சமையலறையில் இருந்தது. நான் வயரைப் பிரித்து மறுபடி சொருகிவிட்டு வந்தேன். எத்தனை நாள் அது அங்கே இருந்திருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

வீட்டிலிருந்து வேலை இனி வேண்டாம் என்று நான் ஆபீஸுக்குத் திரும்பியிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் கிண்டியில் மீட்டிங்கில் இருக்கும்போது என் போனில் மணி அடித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே ஓடிவந்தேன். ஹாலில் யாராவது மணிப்பெட்டியை அணைத்தால் என் போனிலும் மணி தானாக நின்றுவிடும். நிற்கவில்லை. டேப்லெட்டில் அவரைக் கூப்பிட்டேன். முகம் தெரிந்தது, நாற்காலியில் நேராகத்தான் உட்கார்ந்திருந்தார். எனக்கு மூச்சு வந்தது.

"என்னப்பா ஆச்சு?"

"நீ எங்கே வந்தே?"

"நீங்க மணி அடிச்சேளே, என் போன்லயும் அடிச்சுது."

முகம் சுருங்கிவிட்டது. "நோக்கு எதுக்கு அடிக்கறது? மாப்ளை என்ன நினைச்சுப்பார்? என் பிள்ளைகளுக்குக் கையாலாகலைன்னு ஊரெல்லாம் தெரியணுமா? மொதல்ல அதை எடு."

"சரி. இப்போ என்ன வேணும்?"

"தண்ணி. நீ போனை வை, அவா வருவா."

வைத்தேன். மணி மறுபடி அடித்தது. அண்ணாவுக்குப் போன் பண்ணினேன். "இது அவன் மாசம்," என்றான். தம்பிக்குப் பண்ணினேன். "ஆபீஸ்ல இருக்கேன்க்கா, இவ பார்லர் போயிருக்கா. மேல மன்னி இருப்பாளே," என்றான். மன்னி எடுக்கவில்லை. போன் என் கையில் அடித்துக்கொண்டே இருந்தது.

மீட்டிங் நடக்கிற அறைக்கு வெளியே, காபி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு, நாற்பதாம் நம்பரிலிருந்து என் போனை எடுத்துவிட்டேன். ரெண்டு நிமிஷ வேலை. சத்தம் நின்றது. உள்ளே போய் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்தவர் ஏதாவது அவசரமா என்று கேட்டார். ராங் நம்பர் என்றேன்.

அன்றைக்கு அவருக்குத் தண்ணீர் யார் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.